ப்ரைமர் குழிக்குள் இறங்க மறுத்தால்

சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்குவது அமெரிக்காவில் பலருக்கு வார இறுதி வேலை. அதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ப்ரைமர், அதாவது உறையின் அடியிலுள்ள குழியில் பொருந்தி, வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. அதைக் குழிக்குள் இறக்கக் கருவியின் கைப்பிடியை அழுத்தினால் பாதியில் நிற்கும். கை தானாகவே இன்னும் பலமாக அழுத்தப் பார்க்கும். அதைச் செய்யாதீர்கள். அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மேசைக்கு வரவே வேண்டாம்.

1. அளவைப் பாருங்கள்
.45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறைகளில், ப்ரைமர் அளவைப் பொறுத்து இரண்டு வகை உண்டு. பெரிய ப்ரைமரின் விட்டம் 0.210 அங்குலம், சிறியது 0.175. இரண்டும் ஒரே வாளியில் கலந்து கிடந்தால் கோளாறு அங்கேயே தொடங்கிவிடும்.

2. ராணுவ உறையா?
5.56 நேட்டோ எனும் ராணுவத் துப்பாக்கித் தோட்டாவின் உறைகளில் ப்ரைமரைச் சுற்றி வளையம்போல ஒரு தழும்பு தெரியும். ப்ரைமர் கழன்று வராதபடி குழியின் விளிம்பை உள்நோக்கி நசுக்கியிருப்பார்கள், அதுதான் கிரிம்ப். பழைய ப்ரைமரைத் தள்ளி எடுத்த பிறகும் அந்த உதடு அப்படியே இருக்கும், புதியது அதில் முட்டி நசுங்கும். ரீமர் என்ற சுழலும் வெட்டுக் கருவியால் அந்த உதட்டைச் சுரண்டலாம், வெட்டாமல் அழுத்தும் ஸ்வேஜ் கருவியாலும் விரிக்கலாம். தொடக்கத்தில் ஸ்வேஜ்தான் நல்லது என்பேன். ரீமரைக் கூடுதலாக இரண்டு சுற்று சுற்றினால் குழி தளர்ந்து, உறை குப்பைக்குத்தான்.

3. கரியைச் சுரண்டுங்கள்
குழியின் அடியில் கரி தடித்திருந்தால் ப்ரைமர் முழுதாக இறங்காது.

4. விரலால் தடவுங்கள்
ஒவ்வொரு உறையின் அடியையும் தடவிப் பாருங்கள். ப்ரைமர் உறையின் அடி மட்டத்துக்குச் சற்றே உள்ளே, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு ஆழத்தில் இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால், ப்ரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, சில சமயம் வெடிக்காமல் போகும். எம்1 காரண்ட் போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஆபத்து வேறு: தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் பூட்டிக்கொள்ளும் முன்பே வெடித்துவிடலாம். மாறாக, அழுத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் குழி தளர்ந்துவிட்டது. அந்த உறையைத் தூக்கிப் போடுங்கள்.

வெடிமருந்தும் குண்டும் ஏற்றிய பிறகுதான் துருத்தலைக் கவனித்தீர்களா? மேலிருந்து அழுத்திச் சரிசெய்ய நினைக்காதீர்கள். தட்டிக் கழற்றும் சுத்தியல் கருவியும் வேண்டாம். தோட்டா செய்யும் பிரஸ்ஸில் பொருத்தும், குண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் வகைக் கருவியால் குண்டை மெல்ல உருவி, மருந்தைக் கொட்டிவிடுங்கள்.