உபுண்டு 24.04-இல் ஆரக்கிள் டிரைவர்: ‘ஷேர்டு லைப்ரரி திறக்க முடியவில்லை’ பிழையைச் சரிசெய்வது எப்படி?

பைத்தானில் ஆரக்கிள் தரவுத்தளத்துடன் இணைக்கும் ஆரக்கிள்டிபி டிரைவரை பிப் மூலம் நிறுவியாயிற்று, நிரலை ஓட்டினால் ஷேர்டு லைப்ரரியை (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் .எஸ்ஓ கோப்பு) திறக்க முடியவில்லை, டிபிஐ-1047 என்று பிழை வருகிறது. புதிதாக வருபவர்கள் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஏனென்றால் டிரைவரில் குறை எதுவும் இல்லை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் தரவுத்தளம் ஆரக்கிள் 12.1 அல்லது அதற்குப் பிந்தையதா? அப்படியானால் நிரலில் உள்ள இனிட் ஆரக்கிள் கிளையன்ட் வரியை நீக்கிப் பாருங்கள். டிரைவர் ‘தின்’ முறையில் நேரடியாக இணையும், வெளி லைப்ரரி எதுவும் வேண்டாம். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். 11.2 போன்ற பழைய தரவுத்தளம் என்றால், ஆரக்கிளின் வெளி லைப்ரரிகளைப் பயன்படுத்தும் ‘திக்’ முறைதான். கீழே உள்ளது அதற்கு.

படி 1: பிழைச் செய்தியில் எந்தக் கோப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோப்பு கணினியில் இல்லவே இல்லையா, இருந்தும் லோடருக்கு (நிரல் ஓடும்போது லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் பகுதி) இடம் தெரியவில்லையா? இரண்டுக்கும் ஒரே செய்திதான் வரும், மருந்து வேறு. ஃபைண்ட் கட்டளையால் தேடினால் தெரிந்துவிடும்.

படி 2: ஆரக்கிளின் முக்கிய லைப்ரரியான லிப்சிஎல்என்டிஎஸ்எச் என்ற கோப்பு இன்ஸ்டன்ட் கிளையன்ட் (ஆரக்கிள் தரும் லைப்ரரித் தொகுப்பு) ஃபோல்டரில் இருக்கிறது, ஆனாலும் பிழை வருகிறது என்றால் லோடருக்கு இடம் தெரியவில்லை. ஈடிசி-க்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்ற ஃபோல்டர் உண்டு. அதில் ‘.கான்ஃப்’ என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, இன்ஸ்டன்ட் கிளையன்டின் முழுப் பாதையை ஒரே வரியாக எழுதுங்கள். அப்புறம் சுடோவுடன் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். எல்டி லைப்ரரி பாத் மாறியை பாஷ்ஆர்சி-யில் எழுதினாலும் டெர்மினலில் ஓடும். ஆனால் அதே நிரலைத் தானாக ஓட வைக்க கிரானிலோ சிஸ்டம்டி-யிலோ போட்டால், அவை பாஷ்ஆர்சி-யைப் படிக்காததால் பிழை திரும்பி வரும். அதனால் நான் முதல் வழியையே சொல்வேன்.

படி 3: இப்போது லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 (ஆரக்கிள் லைப்ரரிக்குத் தேவையான இன்னொரு லைப்ரரி) இல்லை என்று வரலாம். இது முன்னேற்றம்தான், பயப்பட வேண்டாம். லிப்சிஎல்என்டிஎஸ்எச் கோப்பின் மீது எல்டிடி கட்டளையை ஓட்டினால், அது சார்ந்திருக்கும் லைப்ரரிகள் வரிசையாக வரும். ‘நாட் ஃபவுண்ட்’ என்று இருப்பவைதான் குறைபவை.

உபுண்டு 24.04-இல் லிப்ஏஐஓ-வின் பேக்கேஜ் பெயர் லிப்ஏஐஓ1டி64. 2038-ஆம் ஆண்டு நேரக் கணக்குச் சிக்கலுக்காகச் செய்த மாற்றத்தில் பெயரோடு டி64 சேர்ந்துவிட்டது. கோப்பின் பெயரும் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 ஆகிவிட்டது. ஆரக்கிளோ பழைய பெயரையே தேடுகிறது. எனவே பேக்கேஜை ஏபிடி மூலம் நிறுவி, அந்தக் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் எல்என் -எஸ் கட்டளையால் பழைய பெயரில் ஒரு இணைப்பு உருவாக்குங்கள்.

64 பிட் கணினியில் உள்ளே இருப்பது அதே லைப்ரரி என்பதால்தான் இது பாதுகாப்பானது. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) 3-க்கு 1.1 என்று பெயர் வைத்து இணைப்பதெல்லாம் கூடாது. அவை உண்மையிலேயே வேறு வேறு. முன்பின் தெரியாத தளங்களிலிருந்து .எஸ்ஓ கோப்புகளை இறக்கவும் வேண்டாம்.

எல்டிடி-யை மறுபடி ஓட்டுங்கள். ‘நாட் ஃபவுண்ட்’ ஒன்றுகூட இல்லையென்றால், நிரலை ஓட்டலாம்.