வருமானம் எவ்வளவு என்று கேட்டால்

சமூக நிறுவனங்களை, அதாவது சமூக நோக்கத்துக்காகத் தொழில் நடத்தும் அமைப்புகளை, கணக்கெடுக்கப் போனால் முதலில் இடிப்பது சட்ட வடிவம். இந்தியாவில் அவற்றுக்கென்று தனிச் சட்ட வடிவம் கிடையாது. ஒன்று அறக்கட்டளையாக இருக்கும், இன்னொன்று சங்கமாக, அடுத்தது உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவானவையும் உண்டு.

தருமபுரிப் பக்கம் நாங்கள் எடுத்த கணக்கெடுப்பில், "ஆண்டு வருமானம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு வந்த பதில்களை ஒப்பிடவே முடியவில்லை. அறக்கட்டளை நன்கொடையையும் சேர்த்துச் சொன்னது. சாமை வாங்கி விற்கும் உழவர் நிறுவனம் மொத்த விற்பனையைச் சொன்னது. மகளிர் தையல் குழு ஒன்று வங்கிக் கடனையும் வரவில் வைத்திருந்தது. யார் சொன்னதும் பொய்யில்லை, கேள்விதான் அகலம்.

அதை நான்காக உடைத்தேன்: விற்பனை, மானியமும் நன்கொடையும், கடன், உறுப்பினர் பங்குத்தொகை. எல்லாருக்கும் ஒரே நிதியாண்டு, ஏப்ரல் முதல் மார்ச் வரை. "அக்கா, ஆடிட் ரிப்போர்ட்டை எடுத்துட்டு வாங்க, சேர்ந்தே பார்க்கலாம்" என்று உட்கார்ந்து, வரவு செலவுப் பக்கத்தைப் பார்த்து எழுதினோம். நினைவிலிருந்து சொல்லும் தொகையை நான் இப்போது ஏற்பதே இல்லை.

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற ஆள் கணக்கிலும் இதே சிக்கல்தான். அறுவடைக்கு மட்டும் வருபவரையும் வருஷம் முழுக்க இருப்பவரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்தில் எத்தனை மாதம் என்று கேட்டு, முழுநேர ஆள் கணக்குக்கு மாற்றினோம்.

"நீங்கள் சமூக நிறுவனமா?" என்ற கேள்வியை எடுத்தே விட்டேன். லாபம் வந்தால் அது எங்கே போகிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்டாலே பிரித்துவிடலாம்.