வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லோரையும் பேச வைப்பது எப்படி

நாகர்கோவில் தொடங்கி களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிற வழி நெடுக நம் லுத்தரன் சபைகளில் வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. பல இடங்களில் அது ஞாயிறு ஆராதனையை வீட்டுக்குள் இன்னொரு தடவை நடத்துவது மாதிரி ஆகிவிட்டது. நாலு பாட்டு, ஒருவர் முக்கால் மணி நேரம் பிரசங்கம், நீண்ட ஜெபம், சாயா, அப்புறம் கலைய வேண்டியது. வந்தவர்களில் பாதிக்கு மேல் பாட்டுக்குத் தவிர வாயே திறப்பதில்லை. புதிதாகக் கூட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்கும், நடத்திக்கொண்டிருந்து ஆள் குறைந்துபோய் வருத்தத்தில் இருக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: வீட்டுக்கூட்டத்தில் பிரசங்கம் வேண்டாம், பேச்சு வேண்டும். வந்த ஒவ்வொருவரும் அன்றைய வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இது நானாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1537-ல் ஸ்மால்கால்டு நகரில் நடந்த கூட்டத்துக்காக மார்ட்டின் லுத்தர் எழுதிக் கொடுத்த விசுவாச அறிக்கையான ஸ்மால்கால்டு பிரிவுகளில், சுவிசேஷம் நம்மிடம் எந்தெந்த வழியாக வந்து சேருகிறது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவமன்னிப்பு அளிக்கும் அதிகாரம், இவற்றோடு விசுவாசிகள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல்படுத்திக்கொள்வதையும் சேர்க்கிறார். முந்தின நான்கும் ஆலயத்தில் கிடைக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே நேரம் இருக்கிறது? ஆராதனை முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளி, கமிட்டி, மாதர் சங்கம் என்று ஆளாளுக்கு ஓடுகிறோம். வீட்டுக்கூட்டம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் யார் வீடு என்று பார்ப்போம். பெரிய ஹால் இருக்கிற வீடு, காணிக்கை நிறையக் கொடுக்கிற வீடு, புதுவீடு என்று போவதுதான் வழக்கம். அதை மாற்றுங்கள். ஆலயத்துக்கு வர முடியாதவர் இருக்கிற வீடு முதலில். தென்னையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடக்கிற அண்ணன், காது மந்தமாகி ஆராதனையில் ஒன்றும் கேட்கவில்லை என்று வராமலே நின்றுபோன பாட்டா, பச்சைக்குழந்தையோடு இருக்கிற மகள், இவர்கள் வீட்டு முற்றம் எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை. இரண்டு நாள் முன்னமே ஒரு நடை போய், எத்தனை பேர் வந்தால் அவர்களுக்குச் சிரமம் இருக்காது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாய் இருந்தால் கட்டிப்போடச் சொல்லுங்கள். நாற்காலியை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள், படுக்கையில் இருக்கிறவரும் அந்த வட்டத்துக்குள் வர வேண்டும், கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரும் உட்கார வேண்டாம். மைக் வேண்டவே வேண்டாம். பத்துப் பதினைந்து பேருக்கு எதற்கு மைக்? பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும், அவர்கள் வேறு மதத்தாராகவும் இருக்கலாம், நாளைக்கு அவசரத்துக்கு அந்த வீட்டுக்காரர்தான் ஆட்டோ கூப்பிட்டு வருவார்.

நேரம் ரொம்ப முக்கியம். நம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு வெகுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்குகிறவர்கள். ஒன்பது மணி வரை கூட்டத்தை இழுத்தால் அவர்கள் தூக்கம் போச்சு, அடுத்த வாரம் வர மாட்டார்கள், நாமோ அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருப்போம். ஆறே முக்காலுக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்கு முடித்துவிடுங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் தொடங்குங்கள், யார் பேசிக்கொண்டிருந்தாலும் முடியுங்கள். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் அரைமணி நேரத்தோடு நிறுத்தினாலும் குற்றமில்லை.

எந்த வேதபாகம் எடுப்பது? அந்த வாரத்து ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற சுவிசேஷ பாகத்தையே எடுங்கள். ஆலயத்தில் ஒன்று, வீட்டில் இன்னொன்று என்று போனால் இரண்டுமே மனதில் நிற்காது. பாகம் நீளமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடத்துகிறவர் திங்கட்கிழமையே அதை வாசிக்கத் தொடங்க வேண்டும், தினம் ஒரு தடவை, முடிந்தால் சத்தமாக. விளக்கவுரையை எல்லாம் முதல் நாளே திறக்காதீர்கள். யாரோ யூடியூபில் சொன்னதைக் கொண்டுவந்து கொட்டுவதை விட, உங்கள் மனதில் நாலு நாள் ஊறின ஒரு வசனம் அந்த வட்டத்துக்குப் போதும்.

பேச வைப்பதற்கு லுத்தரிடமே ஒரு நல்ல வழி இருக்கிறது. அவருக்கு முடி திருத்துகிற பீட்டர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். அவருக்காக லுத்தர் 1535-ல் ஒரு சிறு புத்தகமே எழுதிக் கொடுத்தார். அதில் பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நாலு சரமாகப் பிரித்து ஒரு மாலையாகக் கட்டுகிறேன் என்கிறார். இது எனக்கு என்ன கற்றுத் தருகிறது, இதற்காக நான் எதை நினைத்து நன்றி சொல்ல வேண்டும், இதில் நான் எதை அறிக்கையிட வேண்டும், கடைசியாக எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும். தோவாளைப் பூ நம் வீடுகளுக்கு வருகிற ஊரில் சரம் என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாலு கேள்வியை ஒரு அட்டையில் எழுதி நடுவில் வையுங்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் பதில் வரும், பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் வரும்.

ஒரு பாகத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். மாற்கு 2-ஆம் அதிகாரம், முதல் 12 வசனம், திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்த சம்பவம். ஞாயிறு வேதவாசிப்பின் பழைய அட்டவணைப்படி, திரித்துவத் திருநாளுக்குப் பின் 19-ஆம் ஞாயிற்றுக்கு இதே சம்பவம் மத்தேயுவிலிருந்து வரும். கூரையைப் பிரித்தது மாற்கில் இருக்கிறது, மத்தேயுவில் இல்லை, அதனால் வீட்டில் மாற்கை வாசிப்பது நல்லது. முதல் தடவை ஒருவர் வாசிக்கட்டும். இரண்டாம் தடவை இன்னொருவர், ஒரு பெண்ணோ பிள்ளையோ வாசிக்கட்டும். அப்புறம் இரண்டு நிமிடம் யாரும் பேச வேண்டாம். இந்த இரண்டு நிமிடத்தில் நடத்துகிறவருக்குத்தான் கை பரபரக்கும், ஒரு பாட்டைத் தொடங்கிவிடலாமா என்று தோன்றும். தொடங்காதீர்கள். சும்மா இருங்கள்.

முதல் சரம், கற்றுக்கொள்வது. "என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். வீடு நிறைய ஆள், வாசலிலும் இடமில்லை, நாலு பேர் கூரைக்கு ஏறுகிறார்கள், பிரிக்கிறார்கள், படுக்கையை இறக்குகிறார்கள். "வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பாரு?" என்று யாராவது கேட்டால் சிரிப்பு வரும், வரட்டும், பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரே ஒரு இடத்தில் நிறுத்துங்கள். நடக்க முடியாத ஒருவனைக் கொண்டுவந்திருக்கிறார்கள், இயேசு முதலில் சொன்னது "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பது. ஏன் அதை முதலில் சொன்னார்? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நம் பக்கத்தில் சுகமளிக்கும் கூட்டங்களின் நோட்டீஸ் ஒட்டாத மின்கம்பம் இல்லை, சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் போதாது என்று சொல்லக் கேட்டு நொந்தவர் அந்தக் கட்டிலிலேயே படுத்திருக்கலாம். இங்கே மன்னிப்பு எழுந்து நடக்கும் முன்பே வந்துவிடுகிறது, படுத்துக் கிடக்கிறபோதே மகன் என்று கூப்பிட்டுவிடுகிறார். லுத்தரன் சபை சொல்ல வேண்டிய சுவிசேஷம் இதுதான், அதை அந்த வட்டத்தில் இருக்கிற யாராவது தன் வாயால் சொல்லும்போது பிரசங்கத்தில் கேட்பதை விட நெஞ்சுக்குள் இறங்கும்.

இரண்டாம் சரம், நன்றி. என்னைச் சுமந்து வந்த நாலு பேர் யார்? இதற்கு எல்லோருக்கும் பதில் உண்டு. ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போன அம்மா, ஞானோபதேசம் மனப்பாடம் ஆகும்வரை விடாத உபதேசியார், ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருந்த மாமி. பெயர் சொல்லி நன்றி சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் சரம், அறிக்கை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும் வசனம் கேட்க வந்த ஜனம்தான், கெட்டவர்கள் இல்லை. நம் சபையில் யார் வர முடியாதபடி நாம் வாசலில் நிற்கிறோம்? இதைச் சத்தமாகச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், ஒரு நிமிடம் மனதுக்குள் போதும், அப்புறம் சங்கீதம் 51-லிருந்து இரண்டு வசனம் சேர்ந்து சொல்லலாம். நாலாம் சரம், வேண்டுதல். அடுத்த வாரத்துக்குள் யாரைத் தூக்கிவர வேண்டும் என்று ஒரு பெயர், அந்தப் பெயருக்காக ஒரு சின்ன ஜெபம்.

எல்லாரும் பேசிவிட மாட்டார்கள், முதல் இரண்டு மூன்று கூட்டத்தில் நிச்சயம் மாட்டார்கள். ஒருவரே நீட்டிக்கொண்டு போனால், "அண்ணே, நல்ல காரியம் சொன்னீங்க, அக்கா என்ன நினைக்கிறாங்கன்னு கேட்போம்" என்று மெதுவாகத் திருப்புங்கள். பேசாதவரிடம் "நீங்க ஏன் பேசல" என்று கேட்காதீர்கள். வாசிக்கக் கொடுங்கள், அதுவே போதும்.

மொழி விஷயம் எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ளது. பாறசாலையிலிருந்தோ நெய்யாற்றின்கரையிலிருந்தோ வந்த மருமகள் மலையாளத்தில்தான் வேதம் வாசித்து வளர்ந்திருப்பாள். அவளைத் தமிழில் தட்டுத்தடுமாற வைக்காதீர்கள். இரண்டாம் வாசிப்பை மலையாளத்திலேயே அவளிடம் கொடுங்கள், பதிலும் எந்த மொழியில் வருகிறதோ அதில் சொல்லட்டும், எல்லோருக்கும் புரியும். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், கொஞ்சம் முன்பின்னாகப் போய் ஆமென் சொல்லும்போது ஒன்றாகிவிடும். அதேபோல சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்திலிருந்து வந்தவர்கள் கட்டளைகளை வேறு எண்ணில் சொல்வார்கள், கொலை செய்யக் கூடாது என்பது அவர்களுக்கு ஆறாவது, நமக்கு ஐந்தாவது. இதைத் திருத்தி வாக்குவாதம் பண்ண வேண்டாம், கட்டளையையே சொல்லிவிட்டால் எண் எதற்கு?

ஜெபக்குறிப்பு கேட்கிற நேரத்தில்தான் கூட்டம் கெட்டுப்போவது. "இன்னார் மகனுக்காக ஜெபிப்போம், பெங்களூருல என்ன நடக்குதுன்னு தெரியுமா" என்று ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் ஜெபத்தின் பெயரால் வெளியே வருகிறது, ராத்திரி பத்து மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்கிற நம் எட்டாம் கட்டளைக்கு சிறிய ஞானோபதேசத்தில் லுத்தர் தருகிற விளக்கத்தை எல்லோரும் பிள்ளையில் படித்திருக்கிறோம், அயலானுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லது சொல், அவன் செய்ததை நல்லவிதமாகவே எடுத்துக்கொள் என்று. ஆகவே ஒரே சட்டம் வையுங்கள்: அவரவர் தங்களுக்காக மட்டும் குறிப்பு சொல்லலாம், மற்றவருக்காகச் சொல்ல வேண்டுமானால் பெயர் மட்டும், காரணம் வேண்டாம். கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு நிற்க வேண்டும். இதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், சலித்தாலும் பரவாயில்லை. ஒரு தடவை ஒருவர் கண்ணீரோடு சொன்னது தெருவுக்குப் போய்விட்டால் அந்தக் குடும்பம் அப்புறம் ஆலயத்துக்கே வராது.

திருவிருந்தை வீட்டுக்கூட்டத்தில் நாமாக நடத்தக் கூடாது. முறைப்படி அழைக்கப்பட்டவரைத் தவிர யாரும் சபையில் போதிக்கவோ திருவிருந்து முதலியவற்றை அளிக்கவோ கூடாது என்று லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530-ன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அது நம்மைக் கட்டிப்போட அல்ல, சபையில் ஒழுங்கு இருக்கத்தான். ஆனால் படுக்கையில் இருக்கிறவர் திருவிருந்து எடுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கவனிப்பது நம் வேலை. நடத்துகிறவர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

பாட்டு இரண்டு போதும், ஒரு ஞானப்பாட்டு, ஒரு கீர்த்தனை. ஞானப்பாட்டு ராகம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால் ஒரே பாட்டை ஒரு மாதம் பாடுங்கள், வந்துவிடும். சாப்பாடு கட்டஞ்சாயாவும் வீட்டில் இருக்கிற முறுக்கும், அதற்கு மேல் வேண்டாம் என்று சபையிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தால் அடுத்த வீட்டில் ஆப்பமும் கறியும் வரும், மூன்றாவது வீட்டுக்காரர் கூட்டமே வேண்டாம் என்பார். கஷ்டத்தில் இருக்கிற வீடு என்றால் சாயாத்தூளும் சர்க்கரையும் போகிறவர்களே கொண்டுபோங்கள், வீட்டுக்கார அக்கா அடுப்படியில் நிற்காமல் வட்டத்தில் வந்து உட்காரட்டும்.

கலையும் முன்னே அடுத்த வாரம் யார் வீடு, எந்தப் பாகம், யார் நடத்துவது, மூன்றையும் சொல்லிவிடுங்கள். நடத்துகிறவர் மாறி மாறி வரட்டும், பெண்களும் வாலிபர்களும் சேர்த்துத்தான். அன்றைக்கு ராத்திரியே போதகருக்கு ஒரு போன் போட்டு, இன்னார் வீட்டில் கூடினோம், இன்னார் திருவிருந்துக்குக் காத்திருக்கிறார், எந்த நாள் வருகிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்கிற நாளை அந்த வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.