கியர்பாக்ஸ் மாற்றும்போது ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங்கை அளந்து பொருத்துவது எப்படி?

1960களின் செவ்ரோலெட் கமாரோவில் பழைய கியர்பாக்ஸை இறக்கிவிட்டு ட்ரெமெக் நிறுவனத்தின் ஐந்து கியர் பாக்ஸ் ஏற்றுபவர்கள் பலரும், கிளட்ச் ஃபோர்க்கை (பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) விட்டுவிட்டு, கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உட்கார்ந்து ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனால் கிளட்சை விடுவிக்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங்குக்கு மாறுகிறார்கள். வேலை சுலபம்தான். அளக்காமல் பூட்டினால் மட்டும், மொத்தத்தையும் மறுபடி இறக்க வேண்டிவரும்.

அளக்க வேண்டியது, பேரிங் முகத்துக்கும் பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தட்டு) நடுவில் விரல்போல் நீளும் ஃபிங்கர்களுக்கும் இடையிலான இடைவெளி. கிளட்ச் டிஸ்க் தேயத் தேய ஃபிங்கர்கள் கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்வாங்கி வரும். இடைவெளி போதாவிட்டால் அவை பேரிங்கில் முட்டி நின்று கிளட்ச் ஸ்லிப் ஆகும். அதிகமானால் பிஸ்டன் எல்லை தாண்டி வெளியே வந்து, ஓ-ரிங் பிதுங்கி, ஆயில் முழுக்க கிளட்ச்மேல் கொட்டும். ஸ்பிரிங் இல்லாத பேரிங்குகளுக்குப் பொதுவாக 3.8 முதல் 5 மி.மீ. வரை கேட்பார்கள், உங்கள் பேரிங்கோடு வந்த தாளில் உள்ள அளவே கடைசி வார்த்தை.

முதலில் பிரஷர் பிளேட் போல்ட்டுகளை முழு டார்க்கில் முறுக்குங்கள். அரைகுறையாக முறுக்கி அளந்தால் ஃபிங்கர்கள் இருக்கும் இடமே பொய். கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கைப் பூட்டி, டயல் கேஜை அதன் நடுத்துளையைச் சுற்றி ஓட்டும்போது முள்ளின் மொத்த அசைவு 0.13 மி.மீ.க்குள் இருக்கிறதா பாருங்கள்.

பெல் ஹவுசிங்கின் பின்முகத்தில் நேரான இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து, வெர்னியரின் ஆழக் கம்பியை ஃபிங்கர் நுனி வரை இறக்குங்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்து, பட்டையின் கனத்தைக் கழியுங்கள். 72.4 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து பேரிங்கை முழுக்க உள்ளே அழுத்திவைத்து, கியர்பாக்ஸின் முகத்திலிருந்து பேரிங் முகம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்: 64.1. கழித்தால் 8.3. நமக்கு வேண்டியது 4.5 என்றால், பேரிங்குக்குப் பின்னால் 3.8 மி.மீ. ஷிம் (இடைத்தகடு) போட வேண்டும். போட்டபிறகு மறுபடி அளங்கள்.

ஓ-ரிங்குகளில் பிரேக் ஆயில் மட்டும் தடவுங்கள். கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பேரிங் சுற்றாமல் தடுக்கும் ஸ்டட்டின் துளை கியர்பாக்ஸுக்குள் திறந்திருந்தால் மரையில் சீலண்ட் போடுங்கள். காற்றை வெளியேற்றும் பிளீடர் ஹோஸை இப்போதே வெளியே இழுத்துவிடுங்கள், பிறகு கை போகாது.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை கிளட்ச் டிஸ்க்கில் தொங்கக் கூடாது. போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கவும் கூடாது. கையால் தள்ளியே முகம் முகத்தோடு ஒட்ட வேண்டும். அதுவரை பெடலைத் தொடாதீர்கள். எதிரே தடுக்க ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் கழன்று வந்துவிடும்.

ஆயில் லைனில் சிக்கிய காற்றை எடுக்க பெடலை மெதுவாக அழுத்துங்கள். பெடல் கனமாக இல்லை என்று பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளும் முக்கால் இஞ்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 7/8 இஞ்ச் போடுபவர்கள் உண்டு. அதே மிதியில் பேரிங் 36 சதவீதம் கூடுதலாக நகரும், எல்லை தாண்டும் ஆபத்தும் கூடவே வரும்.

கடைசியாக பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்தபடியே கியர் போடுங்கள். ஒருவர் பெடலை மெல்ல அழுத்த, இன்னொருவர் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். தாராளமாகச் சுற்றத் தொடங்கும் இடத்தைக் குறித்து, அதற்குச் சற்றுக் கீழே பெடல் ஸ்டாப்பரைப் பூட்டுங்கள்.