எக்ஸ்சேஞ்சில் இதழியல் படிக்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள்

எக்ஸ்சேஞ்ச் என்றால் நம் கல்லூரியில் படித்துக்கொண்டே, ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படித்துவிட்டு வருவது. வேதியியல் மாணவர் எந்த நாட்டுக்குப் போனாலும் சோதனைக்குழாய் சோதனைக்குழாய்தான். இதழியல் மாணவருக்கு அந்த வசதி கிடையாது. நம் கருவியே மொழியும் தெரிந்த மனிதர்களும்தான், இரண்டையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு ஒரு புது ஊரில் போய் இறங்குகிறோம். அதனால் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி: அந்த ஊரில் உங்களால் செய்தி சேகரிக்க முடியுமா?

வகுப்பறை மொழி வேறு, தெரு மொழி வேறு. டென்மார்க்கின் ஆர்ஹுஸில் உள்ள இதழியல் கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் செமஸ்டர் நடக்கிறது, ஆனால் அந்த ஊர் நகரமன்றம் பேசுவது டேனிஷ். இதற்குப் பயந்து போகாமல் இருக்க வேண்டியதில்லை, டேனிஷ்காரர்கள் நன்றாகவே ஆங்கிலம் பேசுவார்கள். ஆனாலும் ஆவணங்களை யார் படித்துச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

அடுத்தது பாடத்தின் பெயர். 'கம்யூனிகேஷன்' என்று போட்டிருந்தால் கேமராவும் மைக்கும் கையில் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஜெர்மனியில் அந்தப் பெயரில் நடக்கும் படிப்புகள் பெரும்பாலும் ஆராய்ச்சி சார்ந்தவை: கோட்பாடு, உள்ளடக்கப் பகுப்பாய்வு, புள்ளியியல். இன்னொரு பக்கம், 1908-இல் தொடங்கிய அமெரிக்காவின் மிசூரி இதழியல் பள்ளியில், 'கொலம்பியா மிசூரியன்' என்ற நிஜப் பத்திரிகையிலேயே தொழில்முறை ஆசிரியர்களின் கீழ் மாணவர்கள் நிருபர்களாக வேலை செய்கிறார்கள். எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள எளிய வழி, மதிப்பெண் எதற்குத் தருகிறார்கள் என்று பார்ப்பது. கட்டுரையும் தேர்வும் என்றால் கோட்பாடு, செய்தித் தொகுப்பு என்றால் களவேலை. அப்புறம், செய்முறை வகுப்புகளில் இடம் கொஞ்சம்தான் இருக்கும், எக்ஸ்சேஞ்சில் வருபவர்களையும் சேர்ப்பார்களா என்று மெயில் போட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட், அதாவது படித்த பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளிகளின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் (அங்கே பொதுவாக வழங்கும் கிரெடிட் அளவு), அமெரிக்காவில் ஏறத்தாழ 15 கிரெடிட். உங்கள் துறை எதை எதற்கு ஈடாக ஏற்கும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே லர்னிங் அக்ரிமென்ட்டில், அதாவது அங்கே படிக்கப்போகும் பாடங்களைப் பட்டியலிடும் ஒப்பந்தத்தில், கையெழுத்தாக வாங்கிவிடுங்கள். இரண்டு மாற்றுப் பாடங்களையும் சேர்த்தே ஒப்புதல் வாங்குவது நல்லது, ஏனென்றால் போய்ச் சேர்ந்த முதல் வாரமே ஏதாவது ஒரு வகுப்பு ரத்தாகும். தேதிகளையும் பாருங்கள்: ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடும், அதற்குள் உங்கள் ஊர்க் கல்லூரியில் அடுத்த செமஸ்டர் தொடங்கியிருக்கலாம்.

விசா விஷயத்தில் இதழியல் மாணவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. யாராவது ஒரு இணைய இதழ், 'ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள், பணம் தருகிறோம்' என்று கேட்கும், நமக்கும் ஆசையாக இருக்கும். ஆனால் அது வேலை என்ற கணக்கில் வரும். அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்சில் வருபவர்களுக்கான ஜே-1 விசாவில் இருக்கும் மாணவர் எந்த வேலையில் சேர்வதற்கும் முன்அனுமதி வேண்டும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு பைசா வாங்காதீர்கள்.

சரி, களத்துக்கு வருவோம். ஊரில் சாதாரணமாகச் செய்யும் ஒரு காரியம் அங்கே குற்றமாக இருக்கலாம். எதிராளிக்குத் தெரியாமல் பேச்சைப் பதிவு செய்வது ஜெர்மனியில் குற்றம். கலிபோர்னியாவில் ரகசியமான உரையாடலைப் பதிவு செய்ய, பேசுகிற எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒருவரின் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்று ஜெர்மனியில் 1907-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, பொதுக்கூட்டம் போன்ற விதிவிலக்குகள் தனி. அதே ஜெர்மனியில், கேள்வி-பதிலாக எழுதும் பேட்டியை அச்சுக்கு முன் பேட்டி தந்தவரிடமே காட்டி ஒப்புதல் வாங்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகளில் பழகியவருக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். எது சரி என்று வகுப்பில் சண்டை போடுங்கள், அதற்குத்தானே போயிருக்கிறீர்கள்.

மொழிபெயர்த்துச் சொல்ல நண்பரை அழைத்துப் போனால் ஒன்று நடக்கும். கடைக்காரர் கை காலை ஆட்டி மூன்று நிமிடம் பேசுவார், நண்பர் திரும்பி, 'அவருக்குப் பிடிக்கலையாம்' என்று ஒரே வரியில் முடிப்பார். அந்த ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டால் அது பொய். சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள், பிறகு உட்கார்ந்து வரிவரியாக மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். இதைவிட நல்லது, உள்ளூர் வகுப்புத் தோழர் ஒருவரோடு கூட்டுச் சேர்வது: போன் அவர் போடட்டும், கேமராவும் எடிட்டிங்கும் உங்களுடையது, பைலைனில், அதாவது எழுதியவர் பெயர் போடும் வரியில், இரண்டு பெயர். தலைப்பாக நாட்டின் அரசியலையே எடுக்காதீர்கள், நான்கு மாதத்தில் அது ஆகாது. மாணவர் வாடகை, இரவுப் பேருந்து, மூடப்போகும் நூலகம் என்று ஒன்றைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சுற்றினால் மூன்றாவது முறை போகும்போது ஆட்களே செய்தி சொல்லத் தொடங்குவார்கள்.

பலரும் தவறவிடுவது ஆவணங்களை. ஸ்வீடனில் அரசு ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கும் உரிமை 1766-இலேயே சட்டமானது, நீங்கள் யார், எதற்கு என்று பொதுவாக அதிகாரி கேட்கக்கூடாது. பிரிட்டனின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் வெளிநாட்டவரும் மனுப் போடலாம், பதிலுக்கு 20 வேலை நாட்கள். மறுத்தால் மறுஆய்வு கேட்க வேண்டும், அதற்கும் வாரங்கள் ஓடும். ஆகவே, மனுவை முதல் வாரமே போடுங்கள், செமஸ்டரின் நடுவில் போட்டால் பெட்டி கட்டும்போதுதான் பதில் வரும். அதுவும் சொந்த மெயிலிலிருந்து போடுங்கள். அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த மெயில் நீங்கள் கிளம்பிய பிறகு எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று சொல்ல முடியாது.