கேள்வி கேட்கும் நிரல்களுக்குப் பைத்தான் வழியாகப் பதில் சொல்வது

கட்டளையைக் கொடுத்ததும் வேலையை முடித்துவிடும் நிரல் என்றால், பைத்தானுடனே வரும் சப்பிராசஸ் தொகுதி போதும். இடையில் நின்று கேள்வி கேட்கும் நிரல்களுக்குத்தான் பெக்ஸ்பெக்ட் என்ற பைத்தான் நூலகம் தேவை. டான் லைப்ஸ் 1990-இல் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் கருவியின் வழிவந்தது இது.

பழகுவதற்கு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் கட்டளைவரி நிரலை எடுத்துக்கொள்வோம். (உண்மையான தரவுத்தள வேலைக்குப் பைத்தானின் எஸ்க்யூலைட் தொகுதியே சரியான வழி.)

முதலில் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் கொண்டு பெக்ஸ்பெக்டை நிறுவுங்கள். அதிலுள்ள ஸ்பான் மூலம் நிரலைத் தொடங்குங்கள். அப்போதே குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எழுத்துகளுக்குப் பதில் பைட்டுகள்தான் வரும். 'எஸ்க்யூலைட்>' என்ற தூண்டுகுறி (கட்டளைக்குத் தயார் என்று நிரல் காட்டும் குறி) வரும்வரை, நூலகத்தின் எக்ஸ்பெக்ட் செயற்கூறு கொண்டு காத்திருங்கள். பிறகு சென்ட்லைன் மூலம் வினவலை அனுப்பி, மறுபடியும் அதே குறிக்குக் காத்திருங்கள். விடை பிஃபோர் என்ற பண்பில் இருக்கும். நீங்கள் அனுப்பிய வரியும் அதற்குள் திரும்பி வரும், அதை வெட்டிவிடுங்கள்.

இரண்டாவது காத்திருப்பில்தான் நான் ஒரு மாலை முழுவதும் சிக்கிக்கொண்டேன். 30 விநாடி அசைவே இல்லை. பிறகு டைம்அவுட் பிழை. நூலகத்தைச் சந்தேகித்தேன், குறியாக்கத்தைச் சந்தேகித்தேன். கடைசியில், நடக்கும் உரையாடலைப் பதிவுசெய்யும் லாக்ஃபைல் பண்பைத் திரைக்குத் திருப்பிவிட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: வினவலின் முடிவில் அரைப்புள்ளி இல்லை. 'இன்னும் சொல்' என்ற பொருளில் எஸ்க்யூலைட் '...>' குறியைக் காட்டியபடி எனக்காகக் காத்திருந்தது. நானோ வேறு குறிக்காகக் காத்திருந்தேன்.

அதிலிருந்து ஒரே ஒரு குறிக்காக நான் காத்திருப்பதே இல்லை. வரக்கூடிய இரண்டு குறிகளையும் பட்டியலாகக் கொடுங்கள். எது வந்ததோ அதன் இட எண் கிடைக்கும்: 0 என்றால் விடை தயார், 1 என்றால் அரைப்புள்ளியை அனுப்புங்கள். இங்கே எக்ஸ்பெக்ட் வேண்டாம், எக்ஸ்பெக்ட்_எக்ஸாக்ட் பயன்படுத்துங்கள். முன்னது குறியைச் சுருங்குறித்தொடராக (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) படிப்பதால், ஒவ்வொரு புள்ளியும் 'ஏதோ ஓர் எழுத்து' ஆகிவிடும்.

முடிவில் '.குயிட்' அனுப்பி, இஓஎஃப் (வெளியீடு முடிந்ததற்கான அடையாளம்) வரும்வரை காத்திருங்கள்.

பின்சேர்க்கை: விண்டோஸில் ஸ்பான் இல்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். உண்மைதான், அதற்குப் போலி முனையம் (நிரலுக்கு உண்மையான முனையம் போலத் தெரியும் ஒன்று) வேண்டும். மாற்றாக உள்ள பாப்பென்ஸ்பான் வெறும் குழாய்களையே இணைக்கிறது. எதிரில் முனையம் இல்லை என்று கண்டதும் எஸ்க்யூலைட் தூண்டுகுறியையே காட்டாது. விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் இயக்கினால் மேலே சொன்ன அனைத்தும் அப்படியே வேலை செய்யும்.