புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறாததால் புதிது வாங்கியவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் மாற்றுவதும் வீடு மாற்றுகிற மாதிரிதான். பீரோவைத் தூக்கிவிடுவோம், பரணில் கிடப்பதை மறந்துவிடுவோம்.

‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் அள்ளிப் போவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. பெரும்பாலான மென்பொருள்கள் இன்ஸ்டால் ஆகும்போது விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தங்கள் விவரங்களைப் பதிந்துவைக்கும். துணைக் கோப்புகளை வேறு இடங்களில் போட்டுவைக்கும். ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் பெரும்பாலும் ஐகான் இருக்கும், திறக்காது. செட்டப் ஃபைலை வைத்து மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழி. கணக்கு மென்பொருளான டேலி வைத்திருந்தால் பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள்.

அடுத்தது தமிழ் ஃபான்ட். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்பு, உள்ளுக்குள் வெறும் ஆங்கில எழுத்துகள்தான். தமிழாகக் காட்டுவது ஃபான்ட்டின் வேலை. புதுக் கம்ப்யூட்டரில் அது இல்லையென்றால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று பயந்து அழித்துவிடாதீர்கள். பழைய மெஷினின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘ஃபான்ட்ஸ்’ இருக்கும். அங்கிருந்து தேவையானவற்றை எடுத்துவந்து இன்ஸ்டால் செய்தால் எழுத்து திரும்பிவிடும். பத்திரிகை அடிக்கிற கடைக்காரர்கள் இதை முதல் வேலையாகவே செய்ய வேண்டும் என்பேன்.

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு: பிரவுசரின் புக்மார்க், பல மென்பொருள்களின் செட்டிங்ஸ் எல்லாம் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கின்றன. சொன்னேனே, பரண், அதுதான் இது. பிரவுசரில் ‘சிங்க்’ வசதியை (புக்மார்க் முதலியவற்றை உங்கள் இணையக் கணக்கில் சேமிப்பது) ஆன் செய்துவிட்டால் பாதிக் கவலை தீரும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் வைத்திருந்தால் கோப்பின் பக்கத்தில் மேகப் படம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்தக் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. முதலில் டவுன்லோடு செய்யுங்கள், அப்புறம் காப்பி.

‘கட்’ வேண்டவே வேண்டாம், ‘காப்பி’ மட்டும். பாதியில் கேபிள் ஆடினாலும் மூலக் கோப்பு பத்திரமாக இருக்கும். கல்யாண வீடியோ பென்டிரைவில் ஏற மறுக்கிறதா? இடம் நிறைய இருந்தும் ஏறவில்லையென்றால் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். அதில் 4 ஜிபி அளவைத் தொடும் ஒற்றைக் கோப்பு நிற்காது. பென்டிரைவில் இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் சரி.

பழையதை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் எது விட்டுப்போனது என்று தெரியவரும். பிறகு யாருக்காவது கொடுப்பதானால் ‘ரீசெட்’ செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு நிறுத்தாமல், செட்டிங்ஸை மாற்றி ‘கிளீன் டேட்டா’வையும் ஆன் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.